பாதத்திலும் கணுக்காலிலும் வரும் அழுத்த முறிவு: வலி தொடங்கும் நாளிலிருந்து மீண்டும் ஓடும் நாள் வரை

எலும்பு முறிந்தவரிடம் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு நாளும் நேரமும் இருக்கும். படியில் வழுக்கியது, வண்டி சாய்ந்தது, மேலிருந்து குதித்தது என்பார். அழுத்த முறிவுக்கு, அதாவது ஓயாமல் விழும் பளுவால் எலும்பில் விழும் மயிரிழை விரிசலுக்கு, அப்படி ஒரு நாள் கிடையாது. போன மாதம் நடையின் தூரத்தைக் கூட்டியிருப்பார், மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணிக்கு மாறியிருப்பார், நாள் முழுக்க நின்றே செய்யும் வேலையில் சேர்ந்திருப்பார். சில வாரம் கழித்துப் புறங்காலில் ஒரு காசு அளவு இடம் வலிக்கத் தொடங்கும். விழவுமில்லை, இடித்துக்கொள்ளவுமில்லை என்பதால் "சுளுக்காக இருக்கும், தானாகப் போய்விடும்" என்று வலி மருந்தைத் தடவிக்கொண்டு நடப்பார். மயிரிழை விரிசல் முழு முறிவாக மாறுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறிவில் "எவ்வளவு வலிக்கிறது" என்பதைவிட "எந்த எலும்பு வலிக்கிறது" என்பதே முக்கியம். பாதத்தில் உள்ள 26 எலும்புகளில் சில, பளுவைக் குறைத்தாலே ஆறு வாரத்தில் கூடிவிடும். சில, முழு ஓய்வு கொடுத்தாலும் ஒன்றுசேர மறுக்கும். இரண்டுக்கும் வலி ஒரே மாதிரி இருக்கலாம். அதனால்தான் கீழே தொட்டுப் பார்க்கும் படிக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எலும்பு ஏன் களைத்துப்போகிறது

எலும்பு கல் அல்ல. நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் உயிருள்ள திசு. பளு கூடும்போது முதலில் வேலையைத் தொடங்குவது இடிக்கும் செல்கள். நுண்ணிய சேதம் ஏற்பட்ட பகுதியைக் கரைத்துக் குழியாக்க அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் போதும். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பி இறுக்கும் செல்களுக்கோ ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். ஆகவே புதிய பயிற்சி தொடங்கி மூன்று, நான்கு வாரம் ஆகும்போது எலும்பு முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கிறது. மூச்சும் தசையும் அதற்குள் பழகிவிடுவதால் "இப்போதுதான் நன்றாக ஓட வருகிறது" என்று ஆசை பிறப்பதும் அதே வாரங்களில். உடல் தயார் என்று சொல்லும் நேரமும் எலும்பு தயாரில்லாத நேரமும் இப்படி ஒன்றாக வந்து சேர்வதுதான் இந்த நோயின் பொறி.

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் காலடி. அந்த விசையில் பெரும்பங்கைக் கெண்டைக்கால் தசையும் பாதத்தின் சிறு தசைகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. தசை களைத்தால் அந்தப் பங்கும் எலும்பின் தலையில் விழும். நெடுந்தூர ஓட்டத்தின் கடைசிப் பகுதி அதிகம் சேதப்படுத்துவது இதனால்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. நல்ல எலும்பின் மேல் அளவு மீறிய பளு விழுவது ஒன்று: ஓட்டக்காரர், நடனக் கலைஞர், புதிதாகச் சேர்ந்த படைவீரர் ஆகியோருக்கு வருவது. 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட் நெடுந்தூரம் அணிவகுத்த வீரர்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே 1895-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. "அணிவகுப்பு முறிவு" என்ற பழைய பெயர் அப்படி வந்தது. மற்றது, வலுவிழந்த எலும்பின் மேல் சாதாரணப் பளுவே தாங்க முடியாமல் போவது: எலும்புத் தேய்மானம், வைட்டமின் டி குறைவு, மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றம், நீண்ட நாள் ஸ்டீராய்டு, முடக்குவாதம் ஆகியவை காரணமாக. இந்த இரண்டாம் வகையினர் "நான் ஒன்றுமே செய்யவில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அதை நம்பி எலும்பின் வலுவைச் சோதிக்க வேண்டும்.

படி 1: வலியின் போக்கைக் கவனியுங்கள்

தொடக்கத்தில் ஓட்டம் அல்லது நடை முடியும் நேரத்தில் மட்டும் வலிக்கும், உட்கார்ந்தால் போய்விடும். அடுத்த வாரம் பாதித் தூரத்திலேயே வரும். பிறகு முதல் சில நிமிடங்களிலேயே வரும். அதற்கும் பிறகு வீட்டுக்குள் நடக்கும்போதும், கடைசியில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். வலி தொடங்கும் தூரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருகிறதா என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மற்ற வலிகளின் போக்கு வேறு. உள்ளங்கால் சவ்வு அழற்சியில் காலையில் வைக்கும் முதல் அடிதான் கொடுமை. பத்து நிமிடம் நடந்தால் இளகும். தசைநாண் வலியும் உடல் சூடேறினால் சற்று அடங்கும். எலும்பு வலி அப்படி இளகாது. காலையில் குறைவாக இருந்து, நிற்க நிற்கக் கூடி, மாலையில் உச்சத்துக்கு வரும். வீக்கம் பெரிதாக இருக்காது. புறங்கால் லேசாக உப்பி, காலணி நாடாவை ஒரு துளை தளர்த்த வேண்டியிருக்கும். கன்றிப்போவதும் அரிது.

படி 2: ஒரே விரலால் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

உட்கார்ந்து, வலிக்கும் பாதத்தை மற்ற முழங்காலின் மேல் வையுங்கள். ஆள்காட்டி விரல் நுனியால், நகத்தடி வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, எலும்பு எலும்பாகத் தொட்டு வாருங்கள். உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. எல்லா இடமும் வலிப்பது போலத்தான் தோன்றும். நல்ல பாதத்தில் அதே இடத்தையும் அழுத்தி ஒப்பிடுங்கள். எலும்பின் மேல் விரல் நுனி அளவுக்கு ஓரிடம் மட்டும் "அதேதான்" என்று சொல்ல வைத்தால் சந்தேகம் வலுக்கிறது.

விரல்களுக்குப் பின்னால் புறங்காலில் நீளமாக ஓடும் ஐந்து எலும்புகள் மெட்டாடார்சல்கள். பாதத்தில் அழுத்த முறிவு அதிகம் வருவது இவற்றில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். பெரும்பாலோருக்கு இரண்டாவது எலும்புதான் நீளமானது; அதன் பின்முனை பக்கத்து எலும்புகளுக்கிடையே ஆப்பு போல இறுகியிருப்பதால் அசைந்து கொடுக்கவும் வழியில்லை. நடுத்தண்டிலோ விரலை நோக்கிய கழுத்துப் பகுதியிலோ வலித்தால் பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும். ஆனால் இரண்டாவது எலும்பின் பின்முனையில், அதாவது பாதத்தின் நடுவில் வலித்தால் கதை வேறு. விரல் நுனியில் நின்று ஆடுபவர்களுக்கு வரும் அந்த முறிவு பிடிவாதமானது. எலும்பின் மேல் வலிக்காமல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் அழுத்தும்போது மட்டும் வலித்து, விரலில் மின்சாரம் பாய்வது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் அது நரம்பின் வேலையாக இருக்கலாம்.

பாதத்தின் வெளி ஓரத்தைத் தடவினால் நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். அது ஐந்தாவது மெட்டாடார்சலின் பின்முனை. மேட்டிலேயே வலித்தால் பெரும்பாலும் கால் மடங்கியதால் வந்த காயம். மேட்டிலிருந்து சுண்டுவிரலை நோக்கி ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டர் தள்ளி வலித்தால் கவனம் வேண்டும்: அங்கே இரத்த ஓட்டம் குறைவு. ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தன் பாதத்தில் ஏற்பட்ட முறிவை 1902-இல் விவரித்ததால் இப்பகுதி முறிவுக்கு அவர் பெயர் நிலைத்தது. சரியாகக் கூடாமல் போவதற்கும், கூடிய பின் மறுபடி முறிவதற்கும் பேர்போன இடம் இது.

அடுத்தது படகெலும்பு, மருத்துவர்கள் நாவிகுலர் என்பது. கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால், பாத வளைவின் உச்சியில், பெருவிரலுக்கு நேராக நீளும் தசைநாணுக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். வேகமாக ஓடுபவர்களுக்கும் தாவுபவர்களுக்கும் இங்கே வரும். வீக்கமே இருக்காது. வலியும் ஓரிடத்தில் நிற்காமல் உள்வளைவு நெடுக மங்கலாகப் பரவும். ஆகவே பல மாதம் "தசை வலி" என்றே ஓடிவிடும். எலும்பின் நடுப்பகுதிக்கு இரத்தம் குறைவாகவே வருகிறது. விரிசல் விழுவதும் அங்கேதான். பாதத்தில் எந்த முறிவைத் தவறவிடக் கூடாது என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான்.

பெருவிரலின் அடியில் உள்ள சதைத் திரட்சிக்குள் பட்டாணி அளவில் இரண்டு செசமாய்டு எலும்புகள் உள்ளன. பெருவிரலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அடியில் அழுத்தினால் வலி தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த எலும்பு இரண்டு துண்டாக இருக்கும் என்பதால் எக்ஸ்ரேயில் குழப்பம் வரும்.

குதிகாலில் அடியில் அழுத்துவதைவிட, இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பிதுக்குவது போல அழுத்துங்கள். அப்போது வலித்தால் எலும்பு. அடியில், உள்பக்கமாக மட்டும் வலித்தால் பெரும்பாலும் சவ்வு.

கணுக்காலின் வெளிப்பக்கம், கணுமுனையிலிருந்து மூன்று நான்கு விரற்கடை மேலே வலிப்பது ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு) முறிவாக இருக்கலாம், இது சாதுவானது. உள்பக்கக் கணுவின் மேற்பகுதியில், மூட்டு வரிசைக்கு அருகில் வலிப்பது அப்படியல்ல. விரிசல் மூட்டுக்குள்ளிருந்தே மேல்நோக்கிச் செல்வதால் அது ஆபத்தான வகை. கணுக்காலின் ஆழத்தில், விரல் தொட முடியாத இடத்தில் வலித்து, காரணம் எதுவும் தெரியாவிட்டால், குதிகால் எலும்புக்கு மேலே கணுக்கால் மூட்டில் அமர்ந்திருக்கும் தாலஸ் எலும்பையும் நினைவில் வையுங்கள்.

ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். விரிசல் இருக்கிறதா என்று காட்டுவதற்குப் பதில் அது விரிசலை முறிவாக்கிவிடலாம்.

காத்திருக்கக் கூடாதவை

நீரிழிவு உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றே ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல் எலும்புகள் நொறுங்கும் சார்க்கோ பாதமாக அது இருக்கலாம்; நடக்க நடக்கப் பாதத்தின் வடிவமே கெடும். "மடக்" என்ற ஒலியுடன் திடீர் வலி, நான்கு அடி வைக்க முடியாத நிலை, காய்ச்சலோடு சிவப்பு ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை. நடு இரவில் திடீரெனப் பெருவிரல் மூட்டு சிவந்து போர்வை பட்டாலே துடிக்க வைத்தால் அது யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கவுட் ஆக இருக்கலாம்.

படி 3: மருத்துவரைப் பார்க்கும் வரை

வலியை உண்டாக்கிய வேலையை இன்றே நிறுத்துங்கள். குறைப்பது போதாது. படகெலும்பு, ஐந்தாவது மெட்டாடார்சல், இரண்டாவதின் பின்முனை, செசமாய்டு, உள்கணு, தாலஸ் ஆகிய இடங்களில் சந்தேகம் இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் ஊன்றுகோலோடு நடந்து, ஓரிரு நாளில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மற்ற இடங்களானால் அடிப்பாகம் வளையாத காலணியோடு வீட்டு நடை மட்டும் போதும்.

துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஐஸ் வேண்டாம், புண்ணாவது தெரியாது. விரிசல் உள்ள இடத்தை உருவிவிடவும் நீவவும் விடாதீர்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் நல்லது: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., வேளைக்கு வேளை குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறோ மதுப்பழக்கமோ உள்ளவர்களும், உடல் எடை மிகக் குறைந்தவர்களும் மருத்துவரிடம் அளவைக் கேட்க வேண்டும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை எலும்பு கூடுவதை மந்தமாக்குவதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களில் ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எங்களைப் பொறுத்தவரை அவற்றைத் தவிர்க்க இன்னொரு காரணமே போதும்: வலியை மறைத்து மறுபடி ஓட வைக்கும்.

படி 4: பரிசோதனையும் அதன் முடிவைப் படிப்பதும்

மருத்துவரிடம் போகும்போது கடந்த மூன்று மாதத்தில் நடை, ஓட்டம், நிற்கும் நேரம் எப்படி மாறின என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வழக்கமாக அணியும் காலணி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பு முறிந்த எலும்புகள், எடை குறைந்ததா என்ற விவரம், பெண்களானால் மாதவிடாய் ஒழுங்கு ஆகியவையும் வேண்டும். ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள், நீண்ட நாள் எடுக்கும் அமிலத்தடுப்பு மாத்திரைகள், மார்பகப் புற்றுக்குத் தரப்படும் சில ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவை எலும்பை மெலிய வைக்கக்கூடியவை. அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே வரும். மயிரிழை விரிசல் அதில் தெரியாது. அதைச் சுற்றிப் புது எலும்பு திரண்ட பிறகுதான் நிழல் தெரியும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றால் எலும்பில் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள். சாதுவான இடத்தில் சந்தேகம் என்றால் முறிவு இருப்பதாகவே கருதிப் பாதுகாத்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம். ஆபத்தான இடமென்றால் காத்திருக்காமல் எம்.ஆர்.ஐ. தேவை.

எம்.ஆர்.ஐ. எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருப்பதை விரிசல் விழும் முன்பே காட்டிவிடும். அறிக்கையில் மஜ்ஜை வீக்கம் மட்டும் இருந்து முறிவுக் கோடு இல்லை என்றிருந்தால் அது முறிவுக்கு முந்தைய நிலை, சீக்கிரம் ஆறும். கோடு தெரிந்தால் காலம் நீளும். படகெலும்பில் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்க்க சி.டி. ஸ்கேன்தான் தெளிவு. கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேவுக்கும் சி.டி.க்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பது நியாயமானது. இரண்டாவது முறை அழுத்த முறிவு வந்தவர், மாதவிடாய் நின்றவர், ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோர் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

படி 5: எந்த எலும்புக்கு என்ன சிகிச்சை

இரண்டு முதல் நான்கு வரையுள்ள மெட்டாடார்சல்களின் தண்டு, குதிகால், ஃபிபுலா ஆகியவற்றுக்கு மாவுக்கட்டு பெரும்பாலும் தேவையில்லை. வாக்கிங் பூட் (கணுக்காலை அசையாமல் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய விறைப்பான உயரக் காலணி) அல்லது அடி வளையாத காலணியோடு நான்கு முதல் ஆறு வாரம். பூட் போட்டு நடக்கும்போது வலிக்கக் கூடாது. வலித்தால் ஊன்றுகோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்காட்டியைவிட இந்த அளவுகோலை நம்புங்கள். ஆறு வாரம் என்பது சராசரி, உங்கள் எலும்புக்குக் கொடுத்த தவணை அல்ல.

படகெலும்புக்கு வழி ஒன்றே: ஆறு முதல் எட்டு வாரம் மாவுக்கட்டோ பூட்டோ போட்டு, அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. "ஓடுவதை மட்டும் நிறுத்துகிறேன், நடக்கிறேன்" என்று பேரம் பேசுபவர்களுக்கு இந்த எலும்பு கூடாமல் போவது வழக்கம். கட்டைப் பிரித்த பிறகும் அந்த இடத்தை அழுத்தினால் வலித்தால் இன்னும் இரண்டு வாரம் ஊன்றாமல் இருக்க வேண்டும். கோடு முழுதும் பிளந்திருந்தாலோ எலும்பு விலகியிருந்தாலோ திருகாணி போடுவார்கள்.

ஐந்தாவது மெட்டாடார்சலுக்கும் ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றாமல் இருப்பது ஒரு வழி. விளையாட்டு வீரர்களுக்கு எலும்பின் நடுத்துளைக்குள் நீளத் திருகாணி போடும் அறுவை சிகிச்சையைத் தொடக்கத்திலேயே பரிந்துரைப்பதுண்டு. கூடாமல் போகும் வாய்ப்பும் மறுமுறிவும் அதில் குறைவு. உள்கணுவில் கோடு தெரிந்தால் திருகாணி, தெரியாவிட்டால் கட்டு. தாலஸுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஊன்றாத ஓய்வு. செசமாய்டு பொறுமையைச் சோதிக்கும்: பூட், அந்த எலும்புக்குக் கீழே மட்டும் குழி வெட்டிய மெத்தை, பெருவிரல் வளையாதபடி விறைப்பான தகடு என்று மாதக்கணக்கில் போகும். எலும்பை அகற்றுவது கடைசி வழி.

பூட்டும் ஊன்றுகோலும்

நல்ல சிகிச்சை வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டையும் தவறாகப் பயன்படுத்துவதால். பூட்டுக்குள் நீளமான காலுறை போட்டு, குதிகாலைப் பின்சுவரில் ஒட்டவைத்த பிறகே பட்டைகளை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வரிசையாக இறுக்குங்கள். குதிகால் உள்ளே எழும்பி இறங்கினால் பாதம் வளைகிறது என்று பொருள். பூட் போட்டதன் நோக்கமே போய்விடும். பூட்டின் அடிப்பாகம் உயரமானது என்பதால் மற்றக் காலில் அதே அளவு உயரமான காலணி அணியுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரத்தில் இடுப்பு வலி சேர்ந்துகொள்ளும். நாளுக்கு ஒரு முறை தோலைப் பாருங்கள். வலது காலில் பூட்டோடு வண்டி ஓட்டாதீர்கள்.

ஊன்றுகோலின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். எடை உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரக்கும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோயுற்ற காலும் முதலில்.

மாவுக்கட்டிலோ பூட்டிலோ இருக்கும் காலின் ஆடுசதை வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால், இரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 6: எலும்புக்குக் கட்டுமானப் பொருள்

கால்சியம் 19 முதல் 50 வயது வரை நாளுக்கு 1000 மி.கி., ஒன்பது முதல் 18 வயது வரை 1300, 50 கடந்த பெண்களுக்கு 1200. முடிந்தவரை உணவிலிருந்தே வரட்டும். மாத்திரை தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் பயன் குறைவு, உடல் நன்றாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடும், இரும்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்திலும் எடுங்கள். வைட்டமின் டி இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் குறைபாடு; மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டும் எடுத்து மறுபடி சோதியுங்கள். அதிக அளவை மாதக்கணக்கில் தானாகத் தொடர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இதைவிட முக்கியமானது மொத்த உணவு. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத உடல், ஹார்மோன்களை அடக்கி எலும்பு கட்டுவதை நிறுத்திவிடுகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு விளையாட்டில் ஒப்பு ஆற்றல் குறைபாடு என்ற பொருள்பட ஒரு பெயர் வைத்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராத ஓட்டக்காரப் பெண்ணுக்கு அழுத்த முறிவு வந்தால், காலைவிட அவர் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் இது உண்டு. பாலியல் நாட்டம் குறைவதும் தீராத சோர்வும் அதன் அடையாளங்கள். "ஓடாமல் இருக்கிறோமே, எடை ஏறிவிடும்" என்று பயந்து, எலும்பு கூட வேண்டிய வாரங்களில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். புகைப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. இந்த வாரங்களிலாவது நிறுத்துங்கள்.

மூச்சுத்திறனைக் காக்க, மருத்துவர் அனுமதித்தால், ஆழமான நீரில் மிதவைப் பட்டையோடு ஓடலாம். நீந்தலாம், ஆனால் சுவரை அந்தக் காலால் உந்தக் கூடாது.

படி 7: மீண்டும் ஓடுவது

தொடங்கும் முன் மூன்றும் நிறைவேற வேண்டும்: எலும்பை அழுத்தினால் வலியில்லை, சாதாரணக் காலணியில் 30 நிமிட வேக நடை ஒரு வாரம் தொடர்ந்து வலியில்லாமல் போனது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது 20 முறை வலியில்லாமல் முடிகிறது. ஆபத்தான எலும்பானால் ஸ்கேனில் கூடியது தெரிந்து மருத்துவர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள், சமதரையில், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம். முதல் வாரம் 1 நிமிடம் மெல்லோட்டம், 4 நிமிடம் நடை என்று ஆறு சுற்று. இரண்டாம் வாரம் 2 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை. மூன்றாம் வாரம் 3-க்கு 2. நான்காம் வாரம் 4-க்கு 1. ஐந்தாம் வாரம் 20 நிமிடம் தொடர் ஓட்டம். அதற்குப் பிறகு முதலில் தூரம், பிறகு வேகம், கடைசியில் மேடும் தாவலும்.

பழைய இடத்தில் வலி வந்தால் அங்கேயே நிறுத்தி நடந்து வீடு திரும்புங்கள். நடையில் வலி முற்றும் போகும் வரை ஓய்வெடுத்து, ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தசையில் பரவலாகத் தெரியும் உடம்பு வலி இதில் சேராது. விரல் நுனியால் காட்ட முடிந்த வலிதான் கணக்கு.

மறுபடி வராமல் இருக்க

எதை மாற்றியதால் வந்தது என்று அந்த மூன்று மாதத் தாளில் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு ஒரே நேரத்தில் மாறியிருக்கும்: தூரமும் காலணியும், வேகமும் தரையும். "வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்ற பழகிய விதி பொதுவாக நல்லதுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை பளுவைக் குறைத்து இடிபட்ட எலும்புக்குக் கட்டும் நேரம் கொடுப்பதும் அதைவிடப் பயன் தரும் என்பது எங்கள் கருத்து. ஓட்டக் காலணியின் மெத்தை 500 முதல் 800 கி.மீ.க்குள் தளர்ந்துவிடும். மெல்லிய காலணிக்கோ வெறுங்கால் ஓட்டத்துக்கோ மாறுபவர்களுக்கு மெட்டாடார்சலில் பளு கூடுகிறது; மாற விரும்பினால் மாதக்கணக்கில் மாறுங்கள். காலடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் ஒவ்வொரு அடியின் விசையும் குறையும். கெண்டைக்கால் பயிற்சியை ஓட்டம் திரும்பிய பிறகும் விடாதீர்கள்.

ஒரே ஆண்டுக்குள் வேறொரு எலும்பில் இரண்டாவது முறிவு வந்தால் காலணியைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, எலும்பு அடர்த்தி, ஹார்மோன், வைட்டமின் டி மூன்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதே எலும்பில் மறுபடி வந்தால் முதல் முறிவு முழுதாகக் கூடியதா என்று சி.டி. எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. ஐந்தாவது மெட்டாடார்சலில் திருகாணி போட்டவர்கள் விளையாடும் காலம் முழுதும் அதை உள்ளேயே விட்டுவைப்பது நல்லது. எடுத்த பிறகு அதே இடத்தில் முறிவது உண்டு.